பனியில் ஊரும் விமானம்

விமானத்தைத் தரையில் திருப்புவதற்குக் கேப்டனின் இடது கைப்பக்கம் ஒரு சிறிய கைப்பிடி இருக்கும். டில்லர் என்போம். அது திருப்புவது முன்சக்கரத்தை மட்டும்தான். எடையில் பெரும்பகுதியைப் பின்னால் இருக்கும் பிரதான சக்கரங்கள் சுமக்க, முன்சக்கரத்தின்மீது விழுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காய்ந்த கான்கிரீட்டில் அந்தப் பிடிப்பு தாராளம். மேலே ஸ்னோ, அடியில் ஐஸ் என்று இரண்டு அடுக்காகக் கிடக்கும் தரையில் அது போதாது. ஈரக் களிமண் வரப்பில் சைக்கிள் ஹேண்டிலை வெடுக்கென்று ஒடித்தால் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும்: சக்கரம் திரும்பிவிடும், வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வித்தியாசம், இங்கே வண்டியின் எடை பல பத்து டன்.

நான் கிழக்குக் கனடாவில் சிறிய ஜெட் விமானம் ஒன்றில் கோ-பைலட். எங்கள் விமானத்தில் டில்லர் கேப்டன் பக்கம் மட்டும்தான் உண்டு. அதனால் தரையில் ஓட்டுவது எப்போதும் அவர். விமான நிலைய வரைபடமும் ரேடியோவும் என் பொறுப்பு. திருச்சியிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் கேட்பதெல்லாம் மேலே நடப்பதைப் பற்றித்தான். "பனியில எப்படிப்பா இறங்குறீங்க, ஒண்ணும் தெரியாதே?" என்பார் சித்தப்பா. இறங்குவதற்கு உதவ, ரேடியோ அலையால் ரன்வேக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ் இருக்கிறது, ஆட்டோபைலட் இருக்கிறது. டெல்லியில் டிசம்பர், ஜனவரி மூடுபனியில், ரன்வேயில் 50 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும், தகுதி பெற்ற விமானமும் பயிற்சி பெற்ற பைலட்டும் இருந்தால் தானாகவே தரையிறங்க முடியும். சக்கரம் தரையைத் தொட்டு, வேகம் அடங்கி, ரன்வேயை விட்டு வெளியே வந்த பிறகு அந்தத் தானியங்கி உதவி முடிந்துவிடும். அங்கிருந்து கேட் வரை ஓட்டிக்கொண்டு போக ஆட்டோபைலட் கிடையாது. இரண்டு மனிதர்கள், ஒரு கண்ணாடி, ஒரு வரைபடம், ஒரு ரேடியோ. அவ்வளவுதான். மேலே இருக்கும்போது எனக்கு வராத கவலை, கீழே இந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் ஊரும்போது வருகிறது.

வேகத்தில் தொடங்குகிறேன். ரன்வேக்கும் கேட்டுக்கும் இடையே விமானம் ஊரும் பாதைதான் டாக்ஸிவே; அப்படி ஊர்வது டாக்ஸி. காய்ந்த டாக்ஸிவேயில் நேர்ப்பாதை என்றால் 20, 30 நாட் வரை போவோம். வழுக்கும் தரையில் 10 நாட், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் சுமார். திருப்பங்களில் அதிலும் பாதி. கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஜெட் எஞ்சினை மிகக் குறைந்த விசையில் விட்டு வைத்தாலே விமானம் நகரும். எடை குறைவாக இருந்தால் நகர்வதோடு நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். கட்டுப்படுத்த பிரேக்கைத் தொட வேண்டும். தொட்டால் பிடிக்குமா என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே கேட்டிலிருந்து கிளம்பிய சில மீட்டரிலேயே, முன்னால் எந்த விமானமும் வண்டியும் இல்லாத இடத்தில், கேப்டன் ஒருமுறை லேசாக அழுத்திப் பார்ப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு அது ஒரு சிறு குலுக்கல். எங்களுக்கு அன்றைக்கு எந்த மாதிரித் தரையில் ஓட்டப் போகிறோம் என்ற தகவல்.

எஞ்சின் விசையை முன்பக்கமாகத் திருப்பும் ரிவர்ஸை வைத்து வேகத்தைக் குறைக்கலாமே என்று தோன்றும். ஆனால் தரையில் கிடக்கும் சகதிப்பனியை அது வாரி முன்னோக்கி அடித்து, இறக்கையின் முன்விளிம்பில் ஒட்ட வைத்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் ஃப்ளாப்களையும், அதாவது டேக்-ஆஃபுக்குக் கூடுதல் தூக்குவிசை தர இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடுகளையும், டாக்ஸியின்போது உள்ளேயே வைத்திருக்கிறோம். சக்கரம் வீசும் சகதி ஃப்ளாப்பின் இடுக்குகளில் போய் உறைந்தால் பிறகு அது நகராது. ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையைக் கவனிக்கும் பழக்கமுள்ளவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: கோடையில் கேட்டை விட்டதும் இறங்கும் ஃப்ளாப், பனிநாளில் ரன்வேயை நெருங்கும்போதுதான் இறங்கும். இந்தத் தள்ளிப்போடலுக்கு ஒரு விலை உண்டு. வழக்கமான செக்லிஸ்ட் வரிசையிலிருந்து ஒரு முக்கியமான வேலை விலகி நிற்கிறது. ஃப்ளாப்பை மறந்துவிட்டு டேக்-ஆஃப் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட்டில் விழுந்த நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 255 எண் விமானம் சாட்சி. அன்று பனி இல்லை. மறதிக்குப் பனி தேவையும் இல்லை. பனி, மறப்பதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. அதனால் ஃப்ளாப் இறங்காத நேரம் முழுக்க அது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்படி பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் கைப்பழக்கம். வந்துவிடும். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே இருப்பதுதான் கடினம்.

விமான நிலையத்தின் தரை முழுக்க எழுதப்பட்ட ஒரு மொழி. டாக்ஸிவேயின் நடுவே மஞ்சள் கோடு. ரன்வேக்கு முன்னால் இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் அனுமதியின்றித் தாண்டக்கூடாது. மூன்று அங்குலப் பனி விழுந்ததும் இந்த மொழி முழுவதும் அழிந்துவிடும். மிஞ்சுவது ஓரத்து நீல விளக்குகளும், பெரிய நிலையங்களில் நடுக்கோட்டுப் பச்சை விளக்குகளும், பெயர்ப்பலகைகளும். கறுப்பில் மஞ்சள் எழுத்து நீ நிற்கும் இடம். மஞ்சளில் கறுப்பு எழுத்து நீ போகக்கூடிய திசை. சிவப்பில் வெள்ளை எண் என்றால் முன்னால் ரன்வே. காற்றோடு வரும் ஸ்னோ பலகையின் முகத்தில் அப்பிக்கொள்ளும், அதுவும் எப்போதும் நமக்குத் தேவையான பக்கத்தில். தரைமட்ட விளக்குகள் பனிக்கு அடியில் புதையும். பழைய ஹாலோஜன் விளக்குகள் தங்கள் சூட்டிலேயே மேலே விழும் பனியைக் கரைத்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சமாகிறது என்று எல்.இ.டி-க்கு மாறிய இடங்களில் அந்தச் சூடு இல்லாமல் போனது. சிலவற்றில் இப்போது தனியாக ஹீட்டர் வைக்கிறார்கள்.

இதோடு காற்று சேர்ந்தால் கண்ணே பொய் சொல்லும். ஓர் இரவு, ஒரு சிறிய விமான நிலையத்தில் இறங்கி ரன்வேயை விட்டு வெளியே வந்தோம். தரையோடு தரையாக ஸ்னோ இடமிருந்து வலமாகப் பறந்துகொண்டிருந்தது. லேண்டிங் விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். அணைத்துவிட்டு டாக்ஸி விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஊர்ந்தோம். வரைபடத்தின்படி இடது பக்கம் ஒரு பலகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் வரும் என்று மனசு சொல்கிறது. "பலகை தெரியல, நாம எங்க இருக்கோம்னு எனக்கு உறுதியா சொல்ல முடியல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னேன். கேப்டன் ஒன்றும் பேசாமல் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டார். போட்ட பிறகும் விமானம் இடதுபக்கமாக வழுக்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. நகர்வது நாங்கள் அல்ல, தரையில் பறக்கும் ஸ்னோ என்று புரியத் திரையில் வேகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சுழியம். அப்போதும் உடம்பு நம்ப மறுத்தது. டவரில் இருந்து விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலரிடம் இடம் தெரியவில்லை என்றோம். அவர் மற்ற நகர்வுகளை நிறுத்திவிட்டு, மஞ்சள் விளக்கு சுழலும் ஒரு வண்டியை அனுப்பினார். அதன் பின்னாலேயே கேட்டுக்குப் போனோம். இறங்கும்போது ஒரு பயணி கடிகாரத்தைக் காட்டி முகம் சுளித்தார். எனக்கு வருத்தமில்லை.

"எனக்குத் தெரியவில்லை" என்ற அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. பெரியவர் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நானும் அப்படி வளர்ந்தவன்தான். விமானத் தொழிலில் அந்த வளர்ப்பை அவிழ்த்து வைக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விபத்து அறிக்கை.

1990 டிசம்பர் 3, டெட்ராய்ட். கடும் மூடுபனி. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டி.சி-9 ஒன்று டாக்ஸி செய்துகொண்டிருந்தது. கேப்டன் பல வருட மருத்துவ விடுப்புக்குப் பிறகு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்னாள் விமானப்படைக்காரரான கோ-பைலட் மிகுந்த தன்னம்பிக்கையோடு பேசினார். தன் அனுபவத்தைக் கூட்டியும் சொன்னார். அந்த நிலையம் அவருக்கு அத்துப்படி என்று கேப்டன் நம்பினார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. சந்தேகம் இருவருக்கும் வந்தது, ஆனால் விமானம் நிற்கவில்லை, பேசிக்கொண்டே ஊர்ந்தது. ஊர்ந்து போய், பயன்பாட்டில் இருந்த ரன்வேக்குள் நுழைந்தது. அதே ரன்வேயில் அதே நிறுவனத்தின் போயிங் 727 டேக்-ஆஃப் ஓட்டத்தில் வந்து, இறக்கையால் டி.சி-9-ஐக் கிழித்துக்கொண்டு போனது. டி.சி-9-இல் 8 பேர் இறந்தார்கள். வால்பக்க அவசர வழி திறக்கவில்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு.

அமெரிக்க விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, காக்பிட்டில் தலைமை இடம் மாறிப்போனது என்பதை. கேப்டன், கோ-பைலட்டிடம் தன் தீர்மானத்தை ஒப்படைத்துவிட்டார். வழக்கமாக நாம் அஞ்சுவது இதற்கு நேர்மாறான நிலையை: அதட்டும் கேப்டன், வாய் திறக்காத இளையவர். டெட்ராய்ட்டில் வாய் திறந்தவர் இளையவர். திறந்து, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னார். இரண்டிலும் குறைவது ஒன்றுதான்: இடம் உறுதியில்லை என்றதும் சக்கரத்தை நிறுத்துவது. பலகைகளும் கோடுகளும் தரக்குறைவாக இருந்ததையும் அந்த அறிக்கை சொல்கிறது. சரி. பலகை மோசமாக இருந்தால் நிற்பதற்கு அது இன்னொரு காரணம்.

மிலானின் லினாட்டே விமான நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று நடந்தது இதைவிடக் கொடூரமானது. அன்றும் மூடுபனி, ஓரிரு நூறு மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத காலை. சிறிய செஸ்னா ஜெட் ஒன்றை ஆர்-5 என்ற டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்னார்கள். அது ஆர்-6-இல் போனது. வழியில் தரையில் எஸ்-4 என்று எழுதியிருந்ததைப் பைலட் சொன்னார். அப்படி ஓர் இடம் இருப்பதே கண்ட்ரோலருக்குத் தெரியவில்லை. பழைய தரை ரேடாரை அகற்றியிருந்தார்கள், புதியது இயங்கத் தொடங்கவில்லை. பைலட்டின் குரலைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் இல்லை. "எஸ்-4 என்பது எங்கே?" என்று ஒரு கேள்வி வந்திருந்தால் அன்றைய காலை வேறாக இருந்திருக்கும். வரவில்லை. செஸ்னா ரன்வேக்குள் நுழைந்தது. டேக்-ஆஃப் வேகத்தில் வந்த எஸ்.ஏ.எஸ் என்ற ஸ்காண்டிநேவிய நிறுவனத்தின் எம்.டி-87 விமானம் அதன்மீது மோதி, ஓடுபாதையின் கோடியில் இருந்த பெட்டி கையாளும் கட்டடத்தில் போய் நொறுங்கியது. 118 பேர். அவர்களில் 4 பேர் அந்தக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

ஆர்-6-இல் ரன்வேக்கு முன்னால் சிவப்பு விளக்கு வரிசை எரிந்துகொண்டிருந்தது. செஸ்னா அதையும் தாண்டித்தான் போனது. அந்தச் சிவப்பைக் கண்ட்ரோலரால் அணைக்கவோ ஏற்றவோ முடியாது. அணையவே அணையாத சிவப்பு, நில் என்ற பொருளை இழந்துவிடும் என்பது என் கருத்து. தினமும் அதைத் தாண்டிப் பழகியவனுக்கு அது ஒரு அலங்காரம். இன்று நல்ல நிலையங்களில் ஸ்டாப் பார் எனப்படும் இந்தச் சிவப்பு வரிசை கண்ட்ரோலரின் கையில் இருக்கும் சுவிட்ச். வாய்மொழி அனுமதி கொடுத்தாலும் சிவப்பு எரிந்தால் தாண்டமாட்டோம். சிவப்பு அணைந்து பச்சை வழி விரிந்தாலும் வாய்மொழி அனுமதி இல்லாமல் தாண்டமாட்டோம். இரண்டும் சேர வேண்டும்.

சரியாக நடந்த கதை ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. 1999 டிசம்பர் 6 இரவு, அமெரிக்காவின் பிராவிடன்ஸ். மூடுபனியில் இறங்கிய யுனைடெட் 757 டாக்ஸியில் வழிதவறி ரன்வேக்கே திரும்பி வந்து நின்றது. தாங்கள் ஒரு ரன்வேயில் நிற்கிறோம் என்று ரேடியோவில் சொல்லவும் செய்தார்கள். அங்கே தரை ரேடார் இல்லை. கண்ட்ரோலர் அவர்கள் வேறு இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டார். ஒரு சரக்கு விமானம் அவர்களுக்கு மிக அருகில் டேக்-ஆஃப் செய்து போனது. அதன் பிறகும் அடுத்த விமானத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. அதில் இருந்த யு.எஸ்.ஏர்வேஸ் பைலட்டுகள் ரேடியோவில் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். யுனைடெட் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியாகும் வரை கிளம்ப மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். கண்ட்ரோலர் ரன்வே காலியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் மறுத்தார்கள். அந்தப் பதிவைப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அனுமதி கிடைத்த பிறகு போகமாட்டேன் என்று சொல்வதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பது அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

மூடுபனி நிற்கச் சொல்லும், ஸ்னோ நிற்கவிடாது. இதுதான் குளிர்காலத்தின் இழுபறி. டீ-ஐசிங், அதாவது இறக்கையில் ஒட்டிய பனியைத் திரவம் தெளித்து அகற்றுவது, முடிந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆரஞ்சு நிறத்தில் சூடாகத் தெளிக்கும் முதல்வகைத் திரவம் ஒட்டியிருப்பதைக் கரைக்கும், ஆனால் விழும் ஸ்னோவைச் சில நிமிடங்களே தடுக்கும். பச்சை நிறத்தில் கெட்டியாக மூடும் நான்காம் வகை அதிக நேரம் காக்கும். எந்தக் குளிரில், எந்த அளவு ஸ்னோவில் எத்தனை நிமிடம் என்று கனடா போக்குவரத்துத் துறை அட்டவணை வெளியிடுகிறது. அந்த நேரத்துக்குள் ரன்வேயை எட்ட வேண்டும். தரையோ வழுக்குகிறது, முன்னால் வரிசை. வேகமாகப் போகச் சொல்லும் எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நேரம் கடந்துவிட்டால் திரும்பிப் போய் மறுபடி தெளித்துக்கொள்வதுதான் சரி.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃப்ளோரிடா நிறுவனத்தின் 90 எண் விமானம் டீ-ஐசிங் திரவம் தெளித்த பிறகு வெகுநேரம் வரிசையில் காத்திருந்தது. முன்னால் நின்ற விமானத்தின் எஞ்சின் சூட்டில் பனி கரையும் என்று எண்ணி நெருங்கி நின்றார்கள். அது கரைந்து இறக்கையில் மறுபடி உறைவதற்கு வழி செய்தது. எஞ்சினின் பனித்தடுப்பையும் போடவில்லை; விசையைக் காட்டும் கருவி ஐஸ் அடைத்துத் தவறான அளவைக் காட்டியது. விமானம் பொடோமாக் ஆற்றில் விழுந்தது, பாலத்தில் போனவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். முன்னால் போகும் விமானத்திலிருந்து தள்ளி நிற்பது எங்களுக்கு விதி மட்டுமல்ல, அந்த விபத்து தந்த பாடமும்கூட. 1989 மார்ச் 10 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் டிரைடனில், ஸ்னோ விழுந்துகொண்டிருக்கையில், ஒரு குட்டி விமானம் இறங்குவதற்காகக் காத்திருந்த எஃப்-28 டீ-ஐசிங் செய்யாமலேயே கிளம்பிக் காட்டில் விழுந்தது, 24 பேர் இறந்தார்கள். அந்த நிலையத்தில் எஞ்சினை மறுபடி கிளப்பத் தரைக் கருவி இல்லை, விமானத்தில் இருந்த துணை எஞ்சின் பழுது. எஞ்சின் ஓடும்போது தெளிக்க அனுமதி இல்லை. இன்று டொரண்டோ பியர்சனில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தனி இடத்தில் டீ-ஐசிங் நடக்கிறது.

எஞ்சின் ஓடும்போது சுற்றிலும் மனிதர்கள் வேலை செய்வது என்றால் அதற்கும் விலை கொடுத்துத்தான் கற்றோம். 1995 ஜனவரியில் மான்ட்ரியால் மிராபெலில், டீ-ஐசிங் வண்டிகள் இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு 747 நகரத் தொடங்கியது. ரேடியோவில் வந்த குழப்பம். வேலை முடிந்தது என்று காக்பிட் நினைத்தது. வண்டிகள் கவிழ்ந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆகவே, வண்டிகள் விலகிவிட்டன என்று பொறுப்பாளர் சொல்லி, நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, இரண்டு பக்க ஜன்னலிலும் கண்ணால் பார்த்த பிறகுதான் பிரேக் விடுவோம். டீ-ஐசிங்கில் கொட்டிய கிளைகால் திரவத்தால் அந்த இடமே வழுக்கும் என்பது வேறு.

பனியில் வேலை செய்யும் இன்னொரு கூட்டம் இருக்கிறது: ஸ்னோ அள்ளுபவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு ரன்வேயே இல்லை. சாலையில் கொட்டும் உப்பு விமானத்தை அரித்துவிடும் என்பதால் பொட்டாசியம் அசிடேட் போன்றவற்றைத் தெளிப்பதும் அவர்கள்தான். அவர்கள் ஒதுக்கும் ஸ்னோ ஓரத்தில் மேடாக உயர்கிறது. எஞ்சின் தாழ்வாகத் தொங்கும் விமானங்களுக்கு அந்த மேட்டின் உயரம் பெரிய விஷயம். கொட்டும் பனியில் அவர்களும் எங்களைப் போலவே வழிதவறக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2014 அக்டோபர் 20 இரவு மாஸ்கோவின் வ்னுகோவோவில், திசை தப்பிய ஒரு பனி அகற்றும் வண்டி ரன்வேக்குள் வந்தது. டேக்-ஆஃப் ஓட்டத்தில் இருந்த ஃபால்கன் ஜெட் அதில் மோதியது. பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டாலின் தலைவர் கிறிஸ்டோஃப் டி மார்ஜரியும் விமான ஊழியர்கள் மூவரும் இறந்தார்கள். ஒரு டிரைவர் நின்று "எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்று சொல்வது, ஒரு கேப்டன் சொல்வதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. எத்தனை நிலையங்களில் அந்த டிரைவருக்கு அதைச் சொல்லும் பயிற்சியும், சொன்னால் திட்டு விழாது என்ற உறுதியும் தரப்படுகிறது என்பது எனக்கு ஓயாத கவலை.

பெரிய நிலையங்களில் தரை ரேடார் வந்துவிட்டது, வண்டிகளில் இருப்பிடம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் வந்துகொண்டிருக்கிறது, காக்பிட் திரையிலேயே நாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நகரும் வரைபடம் பல விமானங்களில் உண்டு. நான் அதிகம் போகும் சிறிய நிலையங்களில் நிலைமை வேறு. சிலவற்றில் இரவில் டவரே மூடியிருக்கும். பைலட்டும் பனி வண்டி டிரைவரும் ஒரே அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் முழு ஏற்பாடும். பணம் ஒதுக்குபவர்கள் பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்குகிறார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து விமானம் வரும் இடத்துக்குத் தரை ரேடார் கேட்க எனக்கும் வாய் வராது. ஆனால் ஒவ்வொரு பனி வண்டியிலும் ஒரு டிரான்ஸ்பாண்டர், ரன்வே நுழைவாயில் ஒவ்வொன்றிலும் மாறிமாறி மின்னும் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு, ஒவ்வொரு முறையும் வண்டி போகும்போது முதலில் பெயர்ப்பலகைகளின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போகும் வழக்கம், இந்த மூன்றும் எட்டாத செலவில்லை. அடுத்த குளிர்காலத்துக்கு முன்பு நான் போகும் நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கு இதையே எழுதி அனுப்பப் போகிறேன். பலகை துடைப்பதை மட்டுமாவது நவம்பருக்குள் தொடங்கிவிடலாம்.